முதல் ரவுண்டு யாருக்கு

கோவைப் பக்கம் பட்டறை வைத்திருந்த ராஜரத்தினம், பைக் என்ஜினை வைத்துச் சொந்தமாக ஒரு கார் கட்டினார். பின்சக்கரத்தைச் சுழற்றிய செயின் அறுந்து தெறித்ததில், ஓட்டிப் பார்த்த ஆரோக்கியத்துக்கு வலது கை போனது. "செயின் நல்ல செயின்தான். அவனுக்கு ஓட்டத் தெரியல" என்று சொல்லி, முதலாளி அவனை வேலையிலிருந்து நீக்கினார்.

மறுபடியும் செயினையே மாட்டச் சொன்னார். செயினுக்குப் பதில், அறுந்து தெறிக்காத இரும்புத் தண்டான ஷாஃப்ட் வைக்கலாம் என்றான் வெல்டர் சென்னியப்பன்.

"செயினை மாட்டி நீயே ஓட்டு. இல்லீன்னா நாளைக்கு வராதே."

"ஓட்டறனுங்க. ஆனா எனக்கும் ஓட்டத் தெரியாதுங்க. நம்ம சின்னவரு பந்தயத்துல ஜெயிச்சவரு. முதல் ரவுண்டு அவரு போகட்டுமுங்க."

பக்கத்தில் நின்ற மகன் ஹெல்மெட்டை எடுத்தான். முதலாளி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஷாஃப்டே மாட்டு" என்றார் கடைசியில்.

தன் துணிமணியை எடுத்துப்போக வந்திருந்த ஆரோக்கியம் வாசலில் நின்று அதைக் கேட்டான். பிறகு இடது கையால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தான்.