முழங்காலிட்ட ஆவி

இரண்டு கிறிஸ்தவ மிஷன் சபைகள் ஒன்றாய் இணைந்தபோது, எங்கள் ஊரில் கோயில் இரண்டாக மிஞ்சியது. கோபுரக் கோயிலார் முழங்காலிட்டு ஜெபிப்பார்கள். ஓட்டுக் கோயிலார் உட்கார்ந்தபடியே தலை குனிவார்கள்.

கோபுரக் கோயில்காரரான சபைச் செயலாளர் வேதமாணிக்கத்துக்கு ஓட்டுக் கோயிலை இடித்துக் கல்யாண மண்டபம் கட்ட ஆசை. அந்த நேரம் பார்த்து, அதைக் கட்டிய வெள்ளைக்காரப் பாதிரி ஐயரின் ஆவி அந்திக் கருக்கலில் பிரசங்க மேடையருகே நிற்பதாகப் பேச்சு கிளம்பியது. ஜனங்கள் உள்ளே போகவே பயந்தார்கள்.

"இடிக்காதீங்கய்யா," என்று செயலாளரிடம் சொன்னாள் ஓட்டுக் கோயிலைப் பெருக்கும் ஞானப்பூ.

"அந்த ஆவிய வெரட்டிக் காட்டு. விட்டுருதேன்."

"நாளைக்கு அந்திக்கு எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. ஜெபம் பண்ணியே வெரட்டுதேன்."

மறுநாள் மழை இருட்டு. மேடையருகே வெள்ளை அங்கி ஒன்று அசைந்தது. வந்தவர்கள் பெஞ்சுகளில் ஒடுங்கினார்கள்.

"ஜெபம் செய்வோம்," என்றாள் ஞானப்பூ.

அங்கி பொத்தென்று முழங்காலிட்டது.

"எங்க ஐயரு சாகுமட்டும் முழங்கால் போட்டதில்ல. இது உங்க கோயில் ஆவி. நீங்களே கூட்டிட்டுப் போங்கய்யா."

அவள் விளக்கைத் தூக்கினாள். அங்கிக்குள் செயலாளரின் மச்சினன் தங்கையா.

"கோயில் இருக்கட்டும்," என்று முனகினார் செயலாளர்.

தங்கையா எழுந்திருக்கவில்லை.

"அத்தான், முழங்கால் போட்டது நான்தான். எனக்குப் பக்கத்து நாற்காலியில தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தது யாரு?"

நாற்காலி காலியாக இருந்தது.

"அவரு எங்க கோயிலு," என்றாள் ஞானப்பூ.