காகம் விட்டுவிட்ட பெயர்

அந்தக் காலத்தில், காகமும் மனிதனும் ஒரே பாஷை பேசிக்கொண்டிருந்த காலத்தில், ஸ்காட்லாந்து மலைநாட்டுக் காகங்கள் உடம்பு முழுக்கக் கறுப்பு. பிரபுக்களின் வம்சத்தைச் சொல்வதுதான் அவற்றின் வேலை. பட்டத்துக்கு வருகிறவர் மலையுச்சிப் பாறையில் ஏறி நிற்பார். இன்னார் மகன் இன்னார் என்று காகம் மூதாதை வரை சொல்லும். பாறையில் சொன்னது சொன்னதுதான், பிறகு திருத்தக் கூடாது.

ஈவன் பிரபு இறந்ததும் பட்டம் அவர் மகன் லாக்லனுக்கு வரவேண்டும். அவனுக்கோ தாத்தா நீலை நினைத்தாலே கூச்சம். பக்கத்து மலையில் மாடு திருடப் போய்ப் பிடிபட்டு, அதே மாட்டோடு சேர்த்துக் கட்டப்பட்டுக் கிடந்தவர் அவர்.

பட்டத்தன்று காலையில் லாக்லன் காகத்தைத் தனியே கூப்பிட்டான்.

"காக்கையாரே, தாத்தா பேரை மட்டும் விட்டுவிடும்."

"மாடு திருடாத பிரபு இந்த மலையில் யார் இருக்கிறார் தம்பி?"

"திருடினது பரவாயில்லை. பிடிபட்டாரே. அவர் பேர் வந்ததும் கூட்டமே மாடு மாதிரி கத்தும்."

காகம் தலையைச் சாய்த்து யோசித்தது. "உன் வீட்டு எலும்பு தின்று வளர்ந்த வாய். சரி, விட்டுவிடுகிறேன்."

லாக்லன் பாறையில் ஏறினான். காகம் அருகில் நின்று சொல்லத் தொடங்கியது. "லாக்லன், ஈவனின் மகன். ஈவன், ஃபெர்கஸின் மகன்..." நீலைத் தாண்டி, நீலின் அப்பாவுக்கே போய்விட்டது.

"கொஞ்சம் நில்லும்," என்றான் கோர்மக். நீலின் தம்பி வழியில் வந்த பங்காளி அவன். "ஃபெர்கஸ் செத்து வெகுகாலம் கழித்துத்தானே ஈவன் பெரியப்பா பிறந்தார்? செத்தவருக்கு எப்படிப் பிள்ளை பிறக்கும்? அவர் நம் வம்சமே இல்லையோ?"

லாக்லன் குறுக்கிட்டான். "அப்பா நீலின் மகன். உனக்கே தெரியுமே."

"தெரியும். பாறையில் சொல்லவில்லையே."

பெரியவர்கள் கூடிப் பேசிப் பட்டத்தைக் கோர்மக்குக்குக் கொடுத்தார்கள். யாரும் மாடு மாதிரி கத்தவில்லை.

லாக்லன் கீழே இறங்கி, பட்டத்துக்காக மூட்டிய தீயின் ஓரத்துச் சாம்பலை இரண்டு கையாலும் வாரிக் காகத்தின்மேல் வீசினான். காகம் சட்டென்று எழும்பியதில் தலையும் சிறகும் வாலும் தப்பின. மார்பிலும் முதுகிலும் சாம்பல் அப்பிக்கொண்டது.

"நீ கேட்டதைத்தானே செய்தேன்," என்றது காகம். "இனி எவர் பேரும் என் வாயில் வராது."

கூட்டம் கோர்மக்கோடு ஒரு பக்கமாக இறங்கிப் போயிற்று. கடைசியாக லாக்லன், திரும்பிப் பார்க்காமல், மறுபக்கம் இறங்கி நடந்தான்.

அன்று முதல்தான் அந்த மலைக் காகங்கள், எந்த ஓடையில் முழுகினாலும் போகாத சாம்பல் உடம்போடு, 'கா' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லாமல் திரிகின்றன.