மூன்று தடுப்பாளர்களும் ஒரு கூடைக் கம்பமும்

கூடையை நோக்கிக் கிளம்பிய பந்தை நடுவானில் மறித்துவிடும் கைகள் உண்டு. அப்படிப்பட்ட மூன்று கைகளில் எது உயர்ந்தது என்று ஓர் ஊரே குழம்பி நின்ற கதை இது. சொல்வது என் வேலை. தீர்ப்பை நீங்கள் யோசித்து வையுங்கள்.

முல்லையாற்றங்கரையில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள அந்தச் சிற்றூரில் பெண்களுக்கென்று ஒரு கூடைப்பந்துக் கழகம் இருக்கிறது. அதற்குக் கூரை போட்ட புதிய ஆடுகளம் கட்டி முடித்தார்கள். கழகத்தின் தலைசிறந்த தடுப்பாட்டக்காரியின் பெயரைக் கூடைக் கம்பத்தில் பொறிப்பது என்று முடிவானது. ஒரே ஒரு பெயர்தான். தீர்ப்புச் சொல்லும் பொறுப்பு எஸ்தர் டீச்சருடையது. பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். பல ஆண்டுகள் போட்டி நடுவராகவும் விசில் ஊதியவர்.

திறப்பு விழா அன்று மூன்று பேர் உரிமை கோரினார்கள்.

முதலில் எழுந்தவர் செண்பகவல்லி. ஆறடி உயரம். சிமெண்டுத் தரை போட்ட காலத்தில் ஆடியவர். அவர் அறைந்த பந்து கூட்டத்துக்குள் போய் விழும், ஊரே விசிலடிக்கும். தடுப்புகளைக் கழகம் எண்ணத் தொடங்கியதே அவர் காலத்தில்தான். அந்த எண்ணிக்கையை இன்றுவரை யாரும் நெருங்கவில்லை.

"ஒரு பைனல்ல ஒரே மூச்சுல மூணு பிளாக், டீச்சர். அடிச்சு வெளிய அனுப்புனேன். அவங்க பந்துதானே, திரும்ப உள்ள எறிஞ்சாங்க. மறுபடி அடிச்சேன், மறுபடி எறிஞ்சாங்க. மூணாவதையும் அடிச்சேன். இதுக்கு மேல என்ன வேணும்?"

அடுத்தவர் நஸ்ரின், இப்போதைய அணியின் கேப்டன். "அக்கா காலத்துல எல்லாரும் கூடைக்குக் கீழ வந்துதான் எறிவாங்க. இப்ப தூரத்துல இருந்து எறிஞ்சா மூணு பாயிண்ட். நான் அங்கயும் ஓடி மறிக்கணும், இங்கயும் ஓடி வந்து மறிக்கணும்" என்று சொல்லி, செல்போனில் வீடியோவைக் காட்டினாள். அவள் விரல் பட்ட பந்து பலகையில் மோதித் துள்ளியது. இரண்டு அணிப் பெண்களும் அதன் மேல் பாய்ந்தார்கள். சில முறை இவர்களுக்குக் கிடைத்தது, சில முறை அவர்களுக்கு.

"வீடியோவுல பாட்டு நல்லாருக்கு" என்றார் செண்பகவல்லி.

"உங்களுக்கு விசிலடிச்சது உங்க அண்ணனுங்கதானே அக்கா?" என்றாள் நஸ்ரின்.

மூன்றாமவர் மரியபுஷ்பம். அறுபதைத் தாண்டியவர், முழங்காலில் பெல்ட் போட்டிருந்தார். செண்பகவல்லியின் தோள் உயரம்தான் இருப்பார். கழகம் தொடங்கிய நாட்களில் மண் தரையில் ஆடியவர். அன்று எவரும் எண்ணவில்லை, படமும் எடுக்கவில்லை. இந்தக் கம்பத்தில் பெயர் வராவிட்டால், அவர் பந்து ஆடினார் என்பதற்கே ஊரில் அடையாளம் இராது. பெற்ற மகன்களே அதைப் பாதிதான் நம்பியிருந்தார்கள்.

"எங்களுக்கு இருந்தது ஒரே பந்து" என்று அவர் தொடங்கினார். "களத்தை ஒட்டித் தோட்டத்துக் கிணறு. யார் கை பட்டு உள்ள விழுதோ, அவதான் எறங்கி எடுக்கணும். தோல் பந்து நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும், அன்னைக்கு ஆட்டம் போச்சு. நான் எறங்குனதே இல்ல."

அவ்வளவுதான் என்பதுபோல உட்கார்ந்துவிட்டார்.

"கிணத்துல எறங்காததெல்லாம் ஒரு சாதனையா?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்க, சிரிப்பு எழுந்தது.

எஸ்தர் டீச்சர் சிரிக்கவில்லை. "அந்தக் காலத்துல இவங்களை எதிர்த்து ஆடுனவங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்டார்.

பின்வரிசையிலிருந்து ஜெயசீலி எழுந்தார். பக்கத்து ஊர் அணிக்காகப் பல ஆண்டுகள் ஆடியவர். அந்த ஆட்டங்களில் வந்த கோபம் அவருக்கு இன்னும் ஆறவில்லை.

"இவ என்னத்த பிளாக் பண்ணா? பளார்னு ஒரு அடி உண்டா? பந்து பறந்தது உண்டா? கீழ இருந்து லேசா ஒரு தட்டு. பந்து அங்கேயே மேல எழும்பும், இவளே புடிச்சுக்குவா. இல்லேன்னா பக்கத்துல நிக்கிற இவங்க ஆளு கையில போய் உக்காரும். நான் சுதாரிக்கிறதுக்குள்ள அந்தப் பக்கம் ஓடிப் போய் பாயிண்ட் எடுத்திருவாளுக. இதுக்குப் பேரு பிளாக்கா? வழிப்பறி!"

மரியபுஷ்பம் திரும்பிப் பார்த்தார். "நல்லாருக்கியா ஜெயசீலி?"

"நல்லாத்தான்டி இருக்கேன்!"

எஸ்தர் டீச்சர் மைக்கைக் கையில் எடுத்தார். மூவருக்கும் காலம் வேறு, தரை வேறு, விதி வேறு. ஒருவரிடம் எண்ணிக்கை இருந்தது, ஒருத்தியிடம் வீடியோ இருந்தது, ஒருவரிடம் எதுவுமே இல்லை. ஆனாலும் மூவரையும் ஒரே அளவுகோலால் அளக்க டீச்சருக்கு ஒரு வழி தெரிந்தது. அது என்ன? கம்பத்தில் யார் பெயரைப் பொறிப்பது நியாயம்?

விடை: மரியபுஷ்பத்தின் பெயரை. எந்தக் காலத்து ஆட்டமானாலும், தடுத்த பிறகு பந்து யாரிடம் போகிறது என்பதுதான் அளவுகோல். வெளியே பறந்த பந்து எதிரணிக்கே திரும்பியது. அதனால்தான் செண்பகவல்லி ஒரே தாக்குதலை மூன்று முறை தடுக்க நேர்ந்தது. அவர் எண்ணிக்கை ஏறியதும் அப்படித்தான். நஸ்ரின் தடுத்த பந்து யார் கைக்கும் போகலாம். மரியபுஷ்பம் தொட்ட பந்தோ அந்தக் கணமே அவர் அணியின் பந்தானது; அவர் கிணற்றில் இறங்க நேராததும் அதனால்தான். அதற்குச் சாட்சி சொன்னது, பந்தைப் பறிகொடுத்தவரே.

டீச்சர் பெயரை அறிவித்ததும் முதல் விசில் ஜெயசீலியிடமிருந்து வந்தது. செண்பகவல்லியும் நஸ்ரினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பக்கமும் போய் மரியபுஷ்பத்தைத் தோளில் தூக்கிக் கூடைக்கு நேரே கொண்டுபோனார்கள். புதுக்கூரை அதிர்ந்தது. இரும்பு வளையத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்ட மரியபுஷ்பம், இறக்கிவிடச் சொல்லவே இல்லை.