விரால் நின்ற காவல்

வயலோரக் குட்டையில் ஒரு விரால் மீனும் ஒரு நண்டும் இருந்தன. பழைய ஓட்டைக் கழற்றினால் நண்டின் உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிடும். எவன் வேண்டுமானாலும் தின்றுவிடலாம். அதனால் புது ஓடு இறுகும்வரை விரால்தான் வளை வாசலில் காவல் நிற்கும். மூன்றாம் நாள் நண்டு வெளியே வந்து, புதுக் கொடுக்கால் விராலின் வாலைக் கிள்ளும்! விரால் திட்டிக்கொண்டே குட்டை முழுக்கத் துரத்தும். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

ஒருநாள் தவளை மூச்சிரைக்க வந்தது.

"வயலில் புது மருந்து அடிக்கப்போறாங்க! அது பட்டா புழு தோலுரிச்சதும் புதுத் தோல் வராதாம்!"

புழுவின் தோல் மாதிரிதானே தன் ஓடும் என்று நண்டு விராலிடம் ஓடியது. "அக்கா, மடை திறந்திருக்கு. ஏரிக்குப் போயிடலாம் வா! நாலு நாள்ல நான் ஓடு கழற்றணும். நீ இல்லாம யாரு எனக்குக் காவல்?"

"போடா பயந்தாங்கொள்ளி! போன வருஷ மருந்து என் செவுளை எரிச்சுது, ஓடினேன். இது ஓட்டுக்காரங்க பாடு. எனக்கு ஓடா இருக்கு? முட்டையிடக் கூடு கட்டிட்டேன், நகரமாட்டேன்!"

தனியாகப் போக நண்டுக்குத் தைரியம் இல்லை. அதுவும் தங்கிவிட்டது.

மருந்துத் தண்ணீர் குட்டையில் கலந்தது. மடையை அடைத்துவிட்டார்கள். விராலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பார்த்தியா, ஒரு செதில்கூடப் போகல!" என்றது.

நண்டு ஓட்டைக் கழற்றியது. விரால் காவல் நின்றது. மூன்று நாள் போனது. ஐந்து நாள் போனது.

"அக்கா, தொட்டுப் பாரேன். இறுகிடுச்சா?"

விரால் மூக்கால் தொட்டது. சதை குழைந்தது.

"கொஞ்சம் இறுகியிருக்குடா," என்று பொய் சொன்னது.

ஆறாம் நாள் விரால் தொட்டபோது நண்டு அசையவில்லை.

அடுத்த வாரம் விராலின் குஞ்சுகள் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்தன. "அம்மா, பசிக்குது!" என்று கத்தின. முன்பெல்லாம் தூசி பறப்பது போலக் குட்டை நிறைய, குஞ்சுகள் தின்னும் நீர்ப்பூச்சிகள் துள்ளும். இப்போது ஒன்றுகூட இல்லை.

"எங்கே போச்சு எல்லாம்?" என்று விரால் தவளையிடம் கேட்டது.

"அதுங்களும் ஓட்டுக்காரங்கதானே! கடுகைவிடச் சின்ன ஓடு. கழற்றினதுங்களுக்குத் திரும்ப வரல."

குஞ்சுகள் தினமும் குறைந்தன. மிச்சமிருந்த நாலைந்தோடு விரால் அந்தக் காலி வளைக்குப் போகும். வாலை வாசலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். யாரும் கிள்ளுவதில்லை.

பக்கத்து வீட்டைக் கொல்லும் விஷம் நமக்கில்லை என்று சும்மா இருந்தால், அது நம் பிள்ளைகளின் சோற்றில் வந்து நிற்கும்.