எட்டு வந்த கணக்கு

கோரைப்புல் சூழ்ந்த குளம் ஒன்றில் செம்மூக்கி என்ற நீர்க்கோழி ஏழு குஞ்சுகளோடு வாழ்ந்தது. அந்தக் குளத்துக்குக் கொக்குதான் வாத்தியார். மாலையானால் தாய்ப்பறவைகள் எல்லாம் அதன் முன்னால் குஞ்சுகளை எண்ணிக் காட்டிவிட்டுத்தான் கூட்டுக்குப் போக வேண்டும்.

செம்மூக்கி எண்ணினால் எட்டு வரும்.

"எட்டா? நீ இட்ட முட்டையே ஏழுதானே, மண்டூகமே!" என்று கொக்கு அதன் தலையில் நறுக்கென்று கொத்தும். வாத்துகள் சிரிக்கும். தினமும் இதே கதை. வெயில் சாயத் தொடங்கினாலே செம்மூக்கி கோரைக்குள் ஒளிய இடம் தேடும். 'எனக்குக் கணக்கு வராது' என்று அது முடிவு கட்டிவிட்டது.

ஒருநாள் நடுங்கிக்கொண்டே எண்ணியது. ஏழு வந்தது!

"சபாஷ்! கொத்தினால்தான் உனக்குப் புத்தி வரும்!" என்றது கொக்கு. செம்மூக்கிக்குத் தலைகால் புரியவில்லை.

திரும்பும் வழியில், அந்த வருட மழைக்குத்தான் குளத்துக்குக் குடிவந்த முக்குளிப்பான் பறவை கேட்டது: "அக்கா, எப்படி எண்ணினே?"

"எப்பவும் போலத்தான்."

"எப்பவும் எட்டுதானே வரும்? இன்னிக்கு மட்டும் எப்படி ஏழு?"

"நீயும் கொத்த வந்துட்டியா?"

"அட, எனக்குப் புரியலேன்னுதான் கேட்கிறேன். ஒருதரம் எண்ணிக் காட்டேன்!"

கொத்து விழாது என்று தெரிந்ததும் செம்மூக்கியின் நடுக்கம் நின்றது. அதன் குஞ்சுகள் ஓரிடத்தில் நிற்காது. தாயை வட்டமாகச் சுற்றி நீந்தும். ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணியது. "...ஆறு, ஏழு!"

"முதல்ல யாரைத் தொட்டே?"

"நெத்தியிலே வெள்ளைப் புள்ளி இருக்கே, இவனை."

"கடைசியா?"

செம்மூக்கி திகைத்தது. "ஐயோ, இவனைத்தான்! சுத்தி வந்தவனை மறுபடியும் எண்ணியிருக்கேன்!"

செம்மூக்கியே ஓர் அல்லி இதழைக் கிள்ளி வெள்ளைப் புள்ளிக்காரனின் தலையில் வைத்தது. மறுபடி எண்ணியது. இதழ் வந்ததும் நிறுத்தியது.

ஆறு!

"என் பிள்ளை ஒண்ணைக் காணோமே!" என்று அலறிக்கொண்டு கோரைக்குள் பாய்ந்தது. கால் கொடியில் சிக்கி, கழுத்தளவு நீரில், கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது கடைக்குட்டி. சற்றுத் தள்ளித் தண்ணீர்ப்பாம்பு ஒன்று நெளிந்து வந்துகொண்டிருந்தது. செம்மூக்கி கொடியை அலகால் அறுத்துக் குஞ்சை இழுத்து வந்தது.

மறுநாள் மாலை கொக்கு அலகைத் தீட்டிக்கொண்டு நின்றது. "எத்தனை?"

"ஏழு, வாத்தியாரே!" குரலில் நடுக்கம் இல்லை. "எப்படின்னு கேளுங்க, சொல்றேன். நேத்து நீங்க சபாஷ் போட்டப்போ இங்கே ஆறுதான் இருந்தது!"

வாத்துகள் கொக்கைப் பார்த்தன. 'எப்படி?' என்ற கேள்வியை அது யாரிடமும் கேட்டதே இல்லை.

விடையை மட்டும் பார்க்கும் ஆசிரியர் பயத்தைத்தான் கற்றுத் தருவார். விடை வந்த வழியைக் கேட்பவரே கணக்கையும் அதைப் போடும் துணிவையும் கற்றுத் தருவார்.