பலகையில் பதினொரு பேர்

அன்று மண்கூடத்தில் இருந்தவர்கள் இவர்கள்: குரு பூரணி அம்மாள், வயது நாற்பது. சீடர் வைகுந்தம், வயது ஐம்பத்தெட்டு. பிள்ளைகள் பதினொன்று, பெண்கள் ஆறு, பையன்கள் ஐந்து. ஆக மொத்தம் பதின்மூன்று பேர். வாசலில் ஒரு பூனையும் படுத்திருந்தது. அது பாடம் கேட்க வந்ததல்ல, கணக்கில் சேராது.

வைகுந்தம் முப்பது வருஷம் கொலுப் பொம்மை செய்தவர். அவர் கை பட்டால் களிமண் கண் திறக்கும் என்பார்கள். அப்படிப்பட்டவர், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கக் கற்க வேண்டும் என்று, தம்மைவிடப் பதினெட்டு வயது இளையவரிடம் வந்து சேர்ந்து சரியாக ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"அம்மா, எனக்கென்று ஒரு வகுப்பு எப்போது தருவீர்கள்?" என்று காலையிலேயே கேட்டிருந்தார்.

"இன்று பிள்ளைகள் செய்வதை நான்கு நாள் நிழலில் காய வையுங்கள், ஐயா. அப்புறம் பேசலாம்."

பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஓர் உருண்டை மண். ஒரே வேலை: உன்னை நீயே செய். பெயர் எழுதக் கூடாது. அது அந்தக் கூடத்து வழக்கம்.

அல்லி என்ற சிறுமி, தலையைவிடப் பெரிதாகக் காது வைத்தாள்.

"ஏம்மா, இது காதா, முறமா?" என்றார் வைகுந்தம்.

"காதுதான் தாத்தா. எங்க வீட்ல யார் அழுதாலும் எனக்குத்தான் முதல்ல கேக்கும்."

பக்கத்தில் சேந்தன் குண்டாக ஒரு உருவம் செய்து, அதற்கு முகம் முழுக்க வாய் தோண்டிக்கொண்டிருந்தான்.

"ஏண்டா இவ்வளவு பெரிய வாய்?"

"பேசிக்கிட்டு இருக்கேன் தாத்தா. முடிஞ்சதும் மூடிக்குவேன்."

பிள்ளைகள் போனார்கள். பூரணி அம்மாளும் பக்கத்து ஊருக்குப் புறப்பட்டார். பிள்ளைகள் செய்தவற்றை வைத்திருந்த பலகையின் முன்னால் வைகுந்தம் தனியே நின்றார்.

ஒன்றுக்குக் கழுத்து இல்லை. ஒன்றுக்கு ஒரு கண் நெற்றியில் இருந்தது. இதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுபோனால் சிரிப்பார்களே என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. ஏழு வயதில் அவர் செய்த முதல் மாட்டைப் பார்த்து, "இது என்னடா, செருப்பா?" என்று வீடே சிரித்தது. ஐம்பத்தோரு வருஷம் ஆகியும் அது ஆறவில்லை.

ஈரப் பஞ்சை எடுத்தார். விரல் தடங்களைத் துடைத்தார். அல்லியின் காதைச் சீவி அளவாக்கினார். கழுத்து வைத்தார், கண்ணை இறக்கினார், மூக்கை எடுப்பாக இழுத்துவிட்டார். பத்துப் பொம்மைகளும் லட்சணமாகிவிட்டன. சேந்தனுடையது கனமானது, மெதுவாகக் காயட்டும் என்று தனியே மூலையில் வைத்து ஈரச் சாக்குப் போட்டு மூடியிருந்தார். அது அவர் நினைவில் இல்லை.

ஐந்தாம் நாள் எல்லோரும் வந்தார்கள்.

"அவரவர் தன்னை எடுத்துக்கொள்ளலாம்" என்றார் பூரணி அம்மாள்.

ஒரு கையும் நீளவில்லை.

"என்னோடது இல்ல."

"என்னோடதும் இல்ல. எல்லாரும் கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருக்காங்க."

அல்லி பலகையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இரண்டு தடவை பார்த்தாள். "நான் இல்லை" என்றாள்.

சேந்தன் மூலையில் இருந்த சாக்கைத் தூக்கினான். "டேய், நான் இங்க இருக்கேன்டா!" என்று அந்த வாய் பிளந்த உருவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குதித்தான். குதித்தவன் மற்றப் பொம்மைகளை உற்றுப் பார்த்தான். வைகுந்தத்தைப் பார்த்தான். மறுபடி பொம்மைகளைப் பார்த்தான்.

"எல்லாத்துக்கும் தாத்தா மூக்கு!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. வைகுந்தம் தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தார். நீளம், நுனியில் சின்ன வளைவு. பலகையில் அதே நீளம், அதே வளைவு, பத்துத் தடவை. முப்பது வருஷத்தில் யாரும் இதைச் சொன்னதில்லை.

"சிரிப்பார்களே என்றுதான், அம்மா..."

"தெரியும், ஐயா."

"அப்படியானால் எனக்கு வகுப்பு இல்லையா?"

"நாளைக்குப் பத்துப் பேரும் மறுபடி செய்வார்கள். நீங்கள்தான் மண் பிசைந்து கொடுக்க வேண்டும். பஞ்சு மட்டும் வீட்டிலேயே இருக்கட்டும்."

அல்லி மட்டும் சிரிக்கவில்லை. பலகையருகே வந்து ஒன்றைக் கையில் எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, இந்தத் தாத்தாவை நான் வீட்டுக்குக் கொண்டுபோகட்டுமா?"

"என்னை ஏன் கேட்கிறாய்?" என்றார் பூரணி அம்மாள். "அவரைக் கேள். அது அவர்தானே."

வைகுந்தம் சரி என்று தலையை அசைத்தார்.

பலகையில் மீதி ஒன்பது.