கறுத்த வெள்ளி

தோல் ஆலைகளின் கழிவுநீரெல்லாம் வந்து சேரும் நிலையம் ஒன்று இருந்தது. அங்கே மின் அறையில் ஓர் இரும்புப் பெட்டிக்குள், தீப்பெட்டி அளவில், மின்சாரத்தை இணைத்துவிடும் ஒரு ரிலே குடியிருந்தது.

அதற்கு ஒரே வேலைதான். கழிவுநீர்க் குழிக்குள் ஆள் இறங்குமுன் பட்டனை அழுத்துவார்கள். உடனே அது தன் இரண்டு வெள்ளி முனைகளையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பிடித்திருக்கும்வரை பெரிய விசிறி ஓடும். குழிக்குள் நல்ல காற்று போகும். பிடி நழுவினால் விசிறி நின்றுவிடும். கீழே இருப்பவர் பிழைக்க மாட்டார்.

ஒருநாள் பெட்டிக்குள் அழுகிய முட்டை நாற்றம் அடித்தது.

"யார் அது?" என்று ரிலே கேட்டது.

"காற்றுதான்" என்றது குழியிலிருந்து வந்த விஷவாயு. அதன் குரல் மெத்தென்று இருந்தது. வெள்ளி முனைகளை மெல்லத் தடவியது. தடவிய இடம் கறுத்தது.

அறைக்குள் வரும் காற்றைச் சுத்தம் செய்வது சுவரில் இருந்த கரி வடிகட்டியின் பொறுப்பு. "அண்ணே, இதை எப்படி உள்ளே விட்டீர்கள்?" என்று ரிலே கத்தியது.

"சத்தம் போடாதே" என்றது வடிகட்டி. "என் வயிறு நிரம்பி மூன்று மாதம் ஆகிறது. இனி ஒரு மடக்குகூட விழுங்க முடியாது."

"அதைச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் கழற்றி எறிந்துவிடுவார்கள். நீயும் வாயைத் திறக்காதே."

ரிலே வாயைத் திறக்கவில்லை. வாயு தினமும் வந்தது, தினமும் தடவியது. கொஞ்சமும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் ரிலேவை அதிகம் பயமுறுத்தியது.

ஒரு காலையில் வெளியே பேச்சுக் குரல் கேட்டது.

"மேரிம்மா, பம்ப்புல துணி சிக்கியிருக்கு. இறங்கி எடுத்துட்டு வந்துடறேன்." குழியில் இறங்கி வேலை செய்யும் நயீம் பாய் சொன்னது.

"பெல்ட்டைக் கட்டுங்க பாய். முதல்ல விசிறியை ஓட்டிப் பாத்துடறேன்." எலக்ட்ரீஷியன் இருதயமேரி.

"எப்படியாவது பிடித்துவிடு!" என்று கெஞ்சியது வடிகட்டி. "இன்றைக்குத் தப்பித்தால் போதும்."

"ஒருமுறை பிடிக்க உன்னால் முடியும்" என்றது வாயு, காதோடு காதாக.

அது உண்மைதான். உயிரைக் கொடுத்தால் ஒருமுறை பிடிக்கலாம். ஆனால் எத்தனை நிமிடம் தாங்கும்? நயீம் பாய் அடியில் குனிந்து துணியை இழுத்துக்கொண்டிருக்கும்போது தன் பிடி நழுவினால்? விசிறி மெல்ல மெல்ல நிற்பதும், இந்த மெத்தென்ற வாயு அவர் மூக்கருகே போவதும் ரிலேவின் கண்முன் வந்தன.

மேரி பட்டனை அழுத்தினாள்.

ரிலே பிடிக்கவில்லை.

மறுபடி அழுத்தினாள். மறுபடியும். விசிறி அசையவே இல்லை.

"அஞ்சு நிமிஷ வேலைதானே, அப்படியே போயிட்டு வந்துடட்டா?" என்றார் நயீம் பாய்.

"ஒரு படிகூட இறங்கக் கூடாது பாய்! மேல வாங்க!"

பெட்டியின் கதவு படாரென்று திறந்தது. டார்ச் வெளிச்சம் நேராக ரிலேமேல் விழுந்தது. மறைய இடமில்லை.

"இங்க பாருங்க, வெள்ளியெல்லாம் கரியாப் போயிருக்கு" என்றாள் மேரி. எட்டி வடிகட்டியை உருவி முகர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்தது. "இது செத்து எவ்வளவு நாளாச்சோ. நடுவுல விசிறி நின்னிருந்தா உங்க கதி என்ன பாய்?"

நயீம் பாய் பெல்ட்டை அவிழ்த்தார்.

மதியத்துக்குள் புது வடிகட்டியும் புது ரிலேவும் வந்துவிட்டன. பழைய இரண்டும் கழிவுப் பொருள் டிரம்மில் விழுந்தன. வடிகட்டி ரிலேவுக்கு முதுகைக் காட்டிக் கிடந்தது.

டிரம்மின் அடியில் கிடந்த துருப்பிடித்த சுவிட்ச் ஒன்று கேட்டது: "கடைசிவரை பிடித்துப் பார்க்க உனக்குத் தைரியம் இல்லையாமே?"

"இல்லை" என்றது ரிலே. "ரொம்பப் பயந்துவிட்டேன்."

பெரிய விசிறி விடாமல் ஓடிக்கொண்டிருக்க, குழியின் ஏணியில், கையில் ஈரத் துணியோடு நயீம் பாய் மேலே வந்துகொண்டிருந்தார்.